பட்டன் டப்பாவில் ஒரு பனானா பிரெட்

பன்னிரண்டு பழத்தில் ஒன்றுகூட மஞ்சளாக இல்லை. தையற்காரர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் கறுப்பாகத்தான் இருந்தன.

மணி பன்னிரண்டரை. நாலு மணிக்கு, மகள் விரும்பும் பையனின் அப்பாவும் அம்மாவும் கல்யாணம் பேச டீக்கு வருகிறார்கள். மகள் பனானா பிரெட் செய்வதாக இருந்தாள். அதற்காகத்தான் திங்கட்கிழமையே இந்தச் சீப்பை வாங்கி வைத்தாள். ஆனால் அவள் வேலை பார்க்கும் பல் டாக்டரிடம் இன்னொரு உதவியாளருக்குக் காய்ச்சல். காலை ஏழு மணிக்கே கூப்பிட்டுவிட்டார்கள். "கடையில ஏதாவது வாங்கி வைங்கப்பா, நான் நாலு மணிக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

கடையில் வாங்குவதாவது. நேற்று போனில் பையனின் அம்மா சொன்னதைக் கேட்டவர் அவர்தானே. "கடைச் சாமானெல்லாம் வேண்டாங்க. வீட்ல என்ன இருக்கோ அதுவே போதும்." அந்த அம்மாள் மரியாதைக்குச் சொல்லியிருக்கலாம். தையற்காரரின் காதில் அது கண்டிஷனாக விழுந்தது.

முன்னறைதான் அவருடைய கடை. கதவில் 'இன்று விடுமுறை' என்று அட்டை தொங்கவிட்டார். தையல் மெஷினைத் துணியால் மூடினார். பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் மகள் ஒட்டியிருந்த காகிதத்தை, புது டிசைன் புத்தகத்தைப் படிப்பதுபோல விரல் வைத்துப் படித்தார். மூன்று பழம், இரண்டு கப் மைதா, முக்கால் கப் சர்க்கரை, அரைக் கப் வெண்ணெய், இரண்டு முட்டை, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. முப்பது வருஷமாகக் கழுத்தும் கையும் வெட்டுகிற மனிதனுக்கு இது என்ன பிரமாதம்.

ஆனால் சம்பந்தி வீட்டாருக்குக் கறுத்த பழமா. மாடிப்படி இறங்கிப் போய், தட்டினால் சத்தம் வருகிற மாதிரி ஆறு பழம் புதிதாக வாங்கி வந்தார். தோலை உரிக்கவே கத்தி வேண்டியிருந்தது. கரண்டியால் மசித்தார், கரண்டிதான் வளைந்தது. மகளைக் கூப்பிட்டார்.

"அப்பா, ஒருத்தர் வாயைத் திறந்துட்டு உட்கார்ந்திருக்கார். சீக்கிரம் சொல்லுங்க."

"இந்தப் பழம் மசிய மாட்டேங்குதும்மா."

"எந்தப் பழம்? நீங்க ஏன் பழத்தை மசிக்கறீங்க?"

"பிரெட் பண்றேன். கறுத்ததைத் தள்ளி வெச்சுட்டு நல்லதா வாங்கிட்டு வந்தேன்."

மறுமுனையில் துளையிடும் மெஷினின் சத்தம் கேட்டது. "அப்பா, கறுத்தாத்தான் இனிப்பு. அதுக்குத்தானே அஞ்சு நாளா தொடாம வெச்சிருந்தேன். விட்டுடுங்களேன், பிஸ்கட் இருக்கு."

"பிஸ்கட் கடைச் சாமான்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. நீ அவர் வாயைப் பாரு."

வெட்டின துணியைத் தூக்கிப் போடும் வழக்கம் அவருக்கு இல்லை. காய்ப்பழத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி மேஜைமேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஓர் அழுத்து அழுத்தினார். பழம் மசிந்தது. ஆனால் மசிந்தது துணிக்குள் இருக்கவில்லை. பக்கவாட்டில் பீறிட்டுக்கொண்டு வந்து, அவர் இன்றைக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் போய் அப்பியது.

வாழைக்கறை. எலுமிச்சை போட்டாலும் போகாது, எதைப் போட்டாலும் போகாது. தொழிலில் இருப்பவருக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. வேறு நல்ல சட்டை துவைக்கப் போட்டிருந்தது. டெலிவரிக்குத் தயாராகத் தொங்கிய ஒரு வாடிக்கையாளரின் நீலச் சட்டையைப் பார்த்தார். கண்ணாலேயே அளந்தார். கழுத்து சரியாக இருக்கும். மன்னிப்புக் கேட்டுக்கொள்வது போல அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

கறுத்த பழங்கள் விரல் பட்டதுமே குழைந்தன. இதுவரை எல்லாம் சரி. கஷ்டகாலம் அளவில்தான் ஆரம்பித்தது. நல்ல தையற்காரன் எதையும் அளவுக்குச் சரியாக வெட்டமாட்டான். அரை இஞ்ச் கூடுதலாக விட்டுத்தான் வெட்டுவான். கூடினால் மடித்துத் தைக்கலாம், குறைந்தால் ஒட்டுப் போட வேண்டும். இந்தக் கொள்கைப்படி மைதாவில் கொஞ்சம் கூடுதலாக விட்டார். சர்க்கரையிலும் விட்டார். மாவு இறுகியது, இன்னும் நாலு பழம் போட்டார். இளகியது, மறுபடி மைதா. கலந்த கிண்ணம் போதாமல் பெரிய பாத்திரத்துக்கு மாற்றினார். இவ்வளவு மாவுக்கு ஒரு டீஸ்பூன் சோடா எந்த மூலைக்கு என்று மூன்று போட்டார். அதற்கும் கையிருப்பு வேண்டுமே என்று இன்னொன்று.

ஊற்றிச் சுடுவதற்கு நீளத் தகரம் எங்கே என்று தேடினார். மகள் அதை எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை. மறுபடி போன் செய்ய வெட்கமாக இருந்தது. ரோஜாப்பூப் படம் போட்ட பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில்தான் அவர் பட்டன்களைப் போட்டு வைத்திருந்தார். பட்டன்களைக் கொட்டினார், டப்பாவைக் கழுவினார், துடைத்தார். வெண்ணெய் தடவி மாவை ஊற்றி, மகளின் சின்ன ஓவனுக்குள் தள்ளி ஸ்விட்சைப் போட்டார்.

படக்கென்று எல்லாம் அணைந்தது. இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்திருந்தார். ஓவனும் அதுவுமாகச் சேர்ந்து ஃப்யூஸைத் தின்றுவிட்டன.

எதிர்ஃப்ளாட் கதவு திறந்தது. ஓய்வுபெற்ற நீச்சல் மாஸ்டர் வந்தார். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை; தெரிந்த விஷயமும் அதிகம் இல்லை.

"என் டிவி போயிடுச்சே. உங்க வீட்லதானா?"

"மன்னிச்சுக்குங்க மாஸ்டர். பிரெட் வெச்சேன்."

மாஸ்டர் மாடிப்படி மூலையில் இருந்த பெட்டியைத் திறந்து ஃப்யூஸை மாற்றினார். டிவி வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, பாத்திரத்தில் மிச்சமிருந்த மாவை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் ஒரு பக்கமாகப் போனது.

"சோப்பா போட்டீங்க?"

"சோடா."

"அதேதான். கவலைப்படாதீங்க, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விடுங்க. ஒண்ணை ஒண்ணு அடக்கிடும்."

தையற்காரர் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். அரைப் பழம் கூடுதலாகவும் பிழிந்தார். மாவு ஒரு விநாடி யோசித்தது. பிறகு நுரைத்துப் பொங்கி, பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி, மேஜையில் இறங்கி நடக்க ஆரம்பித்தது. தையற்காரர் இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்தார்.

"பாத்தீங்களா, வேலை செய்யுது" என்றார் மாஸ்டர். "பயப்படாம இருங்க. தண்ணில இறங்கிட்டா கை கால் தானா ஆடும்." அவர் தன் டிவிக்குப் போய்விட்டார்.

மூன்றேகாலுக்கு ஓவனிலிருந்து புகை வந்தது. டப்பாவின் ரோஜாப்பூ கருகிக்கொண்டிருந்தது. துணியைப் பிடித்து வெளியே எடுத்தார். மேல்பக்கம் இஸ்திரி தீய்ந்த கோட்டுத்துணி மாதிரி கறுத்திருந்தது. நடுவில் குழி. குழிக்குள் ஊசியை விட்டுப் பார்த்தார். ஊசி பச்சை மாவோடு வந்தது. ஜன்னலைத் திறந்தார். ஒரு கையால் புகையை விரட்டினார். இன்னொரு கையால் மேஜையில் நடந்துகொண்டிருந்த மாவைத் தடுத்தார். அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தால் ஐம்பத்தைந்து அறுபது வயதில் ஒரு தம்பதி. அந்த அம்மாள் கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் மடிப்புக் கலையாமல் நின்றாள். ஒரு படி கீழே, சாவிக்கொத்தை விரலில் சுற்றியபடி கணவர்.

நாற்பது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார்களே என்று தையற்காரர் மாவுக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"தையற்காரர் வீடு இதுதானே? போன்ல பேசினோமே" என்றாள் அந்த அம்மாள். நேற்றுப் போனில் கேட்டதைவிட நேரில் குரல் மென்மையாக இருந்தது.

"வாங்க, வாங்க. உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருக்கேன்."

"லீவுன்னு போர்டு பாத்தோம். திரும்பிப் போயிடலாமான்னு இவர் கேட்டார்."

"லீவே உங்களுக்காகத்தான்" என்றார் தையற்காரர்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. "இந்தக் காலத்துல இப்படி யார் இருக்காங்க" என்று கணவரிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். பேசுகிற ஆளாகத் தெரியவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "ஏதோ தீயுதா?"

"இல்லைங்க. அதாவது, தீஞ்சு முடிஞ்சது."

மறைத்து என்ன பயன். அவர் சமையலறைக் கதவை விட்டு நகர்ந்தார். அந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். கருகிய டப்பா, மேஜைமேல் மாவு, தரையில் முட்டை ஓடு, எல்லாவற்றுக்கும் நடுவில் வளைந்துபோன கரண்டி.

"வீட்ல வேற யாரும் இல்லையா?"

"பொண்ணு வேலைக்குப் போயிருக்கா. அவ அம்மா போய் எட்டு வருஷமாச்சு." அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க எதுவும் இல்லாத பிறகும் துடைத்தார். "பொம்பளை இல்லாத வீடுன்னு வர்றவங்க ஒரு குறை சொல்லிடக் கூடாதேன்னு நினைச்சேன். அதான் இத்தனை கூத்து."

அந்த அம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "யாரும் அப்படி நினைக்க மாட்டாங்க. அந்தக் கத்தியை இப்படிக் கொடுங்க."

அதற்குப் பிறகு சமையலறை அவள் கைக்குப் போய்விட்டது. கருகின மேல்தோலைச் சீவி எறிந்தாள். குழியை ஒதுக்கிவிட்டு, வெந்த பாகத்தைத் துண்டு போட்டு, வாணலியில் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் புரட்டி, சர்க்கரை தூவினாள். சர்க்கரை உருகி வாசனை வந்தது. நுரைத்த மாவில் பாதியை எடுத்துக் கொட்டிவிட்டு, மிச்சமிருந்த கறுத்த பழத்தையெல்லாம் மசித்துச் சேர்த்து, பழைய டீக்கோப்பைகளில் ஊற்றி ஓவனில் வைத்தாள்.

"எவ்வளவு சோடா போட்டீங்க?"

"கொஞ்சம் கூடுதலா விட்டேன். பின்னாடி மடிச்சுக்கலாம்னு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் முதுகுப்பக்கம் வந்தாள். காலரில் குத்தியிருந்த சீட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அதில் 'கழுத்து 16, அவசரம்' என்று இருந்தது. தையற்காரருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவளோ எதுவும் நடக்காதது போல டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

மூவரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். கணவர் பிரெட்டை ஒரு கடி கடித்தார். மென்றார். நிறுத்தினார். வாயிலிருந்து எதையோ எடுத்துச் சாஸரில் வைத்தார். டிங் என்று சத்தம் வந்தது. வெள்ளை நிறத்தில் இரண்டு துளை போட்ட சட்டைப் பட்டன்.

தையற்காரர் எழுந்துவிட்டார். "ஐயோ, பல்லுக்கு ஒண்ணும் ஆகலையே? பட்டன் டப்பாலதான் சுட்டேன். நல்லாக் கழுவினேன்."

கணவர் பட்டனைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த துண்டை எடுத்தார். "எங்க வீட்ல இதைவிடப் பெருசா கிடைச்சிருக்கு" என்றார். அந்த அம்மாள் அவரை முறைத்தாள். தையற்காரர் மெல்ல உட்கார்ந்தார். எப்பேர்ப்பட்ட மனிதர்கள். மகள் சரியான இடத்தில்தான் மனதை விட்டிருக்கிறாள்.

"சரி, பையன் விஷயத்துக்கு வருவோம்" என்றாள் அந்த அம்மாள். "நீங்க அவனைப் பாத்ததில்லையே?"

"ஒரே ஒரு தடவை, தெருவுல. ஹெல்மெட் போட்டிருந்தார்."

"ஓ, அப்படியா. எங்களுக்குத் தெரியாதே." அவள் கணவரைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட மறைக்க வேண்டாம். இதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துல பாத்தோம். பொருத்தமே அமையல."

தையற்காரர் டீயைக் கீழே வைத்தார். இரண்டு இடமா. மகள் இதைச் சொல்லவே இல்லையே. ஒருவேளை அவளுக்கே தெரியாதோ.

"முதல் இடத்துல ரொம்ப இறுக்கிட்டாங்க. பாவம், பையனால மூச்சுவிட முடியல. ரெண்டாவது இடத்துல அப்படியே தொளதொளன்னு விட்டுட்டாங்க. பாக்கறவங்க சிரிச்சாங்க. பையன் மனசு ஒடிஞ்சு போயிட்டான். இனிமே எங்கயும் வரமாட்டேன்னு சொல்லிட்டான். அதான் நாங்க மட்டும் வந்தோம்."

கேட்கக் கேட்கத் தையற்காரருக்கு நெஞ்சு இளகியது. எந்த வீட்டில் என்ன பாடுபடுத்தினார்களோ. "கவலையை விடுங்க. இங்க இறுக்கவும் மாட்டோம், தொளதொளன்னு விடவும் மாட்டோம். எல்லாம் ஓர் அளவாத்தான்."

"அந்த வார்த்தைதான் எங்களுக்கு வேணும். எப்ப முடியும்? இருபதாம் தேதிக்குள்ள ஆச்சுன்னா நல்லா இருக்கும். அதுக்கப்புறம் அவன் ஊர்ல இருக்க மாட்டான்."

"இருபதா? பத்து நாள்தானே இருக்கு?"

"கஷ்டமா?"

அவர் சுவரைப் பார்த்தார். மகள் முதன்முதலாகத் தானாகத் தைத்த தலையணை உறை அந்தப் பக்கம் கிடந்தது. பத்து நாளில் இந்த வீடு எப்படி இருக்கும் என்று யோசித்தார். பிறகு, வெண்ணெய்க் கையோடு தன் வீட்டு அடுப்பில் நின்ற அந்த அம்மாளைப் பார்த்தார். இவளிடம் விட்டால் குழந்தை பிழைத்துக்கொள்ளும். "கஷ்டம்தான். ஆனா நல்ல மனுஷங்க கேக்கறப்ப எப்படி முடியாதுன்னு சொல்றது? பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

"பொண்ணும் கை கொடுப்பாங்களா?"

"அவ கை கொடுக்காம எப்படிங்க."

"அப்புறம், நீங்க என்ன எதிர்பாக்கறீங்கன்னு இப்பவே சொல்லிட்டா நல்லது."

"நானா?" என்றார் தையற்காரர். பையனைப் பெற்றவர்கள் கேட்கிற கேள்வியா இது. "ஒண்ணும் வேண்டாம். பையன் சந்தோஷமா இருந்தாப் போதும். அது போதும் எனக்கு."

"சும்மாவா?" அந்த அம்மாளின் கண் கலங்கிவிட்டது. "அப்படியெல்லாம் விடமாட்டோம். எங்க மனசு கேக்காது." கணவர்கூடப் பிரெட்டைக் கீழே வைத்துவிட்டார்.

ஓவன் மணி அடித்தது. டீக்கோப்பைகளில் பிரெட் பொன்னிறமாக, உப்பலாக, குழியில்லாமல் எழும்பியிருந்தது. தையற்காரர் அதைக் கண்ணால் பார்த்தார், கையால் தொட்டார், நம்பவில்லை. ஒன்றுவிடாமல் கவிழ்த்து எடுத்து ஒரு தாளில் சுற்றி அந்த அம்மாளிடம் நீட்டினார். வேண்டாம் வேண்டாம் என்றாள். பையனுக்கு என்றார். வாங்கிக்கொண்டாள்.

மணி நாலுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. தையற்காரர் போனை எடுத்து, ஒற்றை விரலால் மகளுக்கு எழுதினார்: 'பேசி முடிச்சாச்சு. இருபதாம் தேதிக்குள்ள. தங்கமான மனுஷங்க. நீ நிதானமா வா.' அனுப்பிவிட்டு எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"அப்ப முடிவு பண்ணிட்டோம்."

"முடிவேதான்" என்றாள் அந்த அம்மாள்.

இதுவரை சாப்பிடுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத கணவர், சாவிக்கொத்தை விரலில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் கீழ போய்க் கார்ல இருந்து பையனோட கோட்டை எடுத்துட்டு வந்துடறேங்க, இடுப்புல கொஞ்சம் பிடிச்சுத் தைச்சாப் போதும்."